பெங்களூரைச் சுற்றி அமைதியான ஏரியும் ஆறும்: தூண்டிலும் டென்ட்டுமாகக் கிளம்புபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அல்சூர் பக்கத்துப் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "அண்ணா, கூட்டமே இல்லாத ஏரி ஒண்ணு சொல்லுங்க, சனிக்கிழமை டென்ட் போட்டு மீன் பிடிச்சிட்டு வந்துடறோம்." நான் பெயர் சொல்வதில்லை. ஒரு ஏரியின் பெயர் நாலு வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் அடுத்த மாதமே அங்கே பீர் பாட்டிலும் பிரியாணிப் பொட்டலமும்தான் மிதக்கும். அப்படி இரண்டு கரைகளை நானே இழந்திருக்கிறேன். அதனால் பெயருக்குப் பதிலாகத் தேடும் வழியைச் சொல்லித் தருகிறேன். இந்த வழியில் போனால் உங்களுக்கென்று ஒரு ஏரி கிடைக்கும். கொஞ்சம் பொறுமையும் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் வேண்டும்.

இந்த வழியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஏரிக் காவல்காரர். பல வருடம் முன்பு மாலூர் தாண்டி ஒரு கிராமத்து ஏரியில் நானும் நண்பனும் யாரையும் கேட்காமல் தூண்டில் போட்டோம். வேலி கிடையாது, பலகை கிடையாது, ஆளும் இல்லை. நல்ல இடம் என்று மகிழ்ந்துபோய் டென்ட்டும் அடித்துவிட்டோம். பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெரியவர் வந்தார். எங்களைத் திட்டவில்லை. பையில் இருந்த ஆறு ரோகுகளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். "தம்பி, இது ஏரியோட மீனில்ல. விரல் நீளக் குஞ்சா வாங்கி நாங்க விட்டது. இன்னும் ரெண்டு மாசம் இருந்தா ஒவ்வொண்ணும் ஒரு கிலோ" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். அப்புறம் அவரே, "அடுத்த தடவை போன் பண்ணிட்டு வாங்க, நல்ல இடம் காட்டறேன்" என்று நம்பர் சொன்னார். இன்றைக்கும் நான் போகும் ஏரிகளில் அதுவும் ஒன்று.

முதல் படி: தண்ணீர் யாருடையது, மீன் யாருடையது

கர்நாடகத்தில் ஏரி பொதுச்சொத்துதான். ஆனால் பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்திலோ டெண்டரிலோ யாராவது எடுத்திருப்பார்கள். பெரிய ஏரி என்றால் மாநில மீன்வளத் துறை குத்தகைக்கு விடும், சின்னது என்றால் கிராம பஞ்சாயத்து. எடுப்பது மீனவர் கூட்டுறவுச் சங்கமாகவோ தனி ஆளாகவோ இருக்கும். அவர்கள் காசு போட்டுக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார்கள். 1996-ஆம் ஆண்டு கர்நாடக உள்நாட்டு மீன்வளச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் பிடித்தால் குற்றம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போனாலும் கதை இதேதான், அங்கே 'ஏரி ஏலம்' என்பார்கள்.

கேட்க வேண்டிய இடங்கள் மூன்று: தாலுகா மீன்வளத் துறை அலுவலகம், கிராம பஞ்சாயத்து அலுவலகம், ஏரிக்கரைக் காவல்காரர். முதல் இரண்டும் வாரநாளில்தான் திறந்திருக்கும். மூன்றாமவர் எப்போதும் இருப்பார். என் அனுபவத்தில் பாதி வேலை அவரோடு பேசியே முடிந்துவிடும்.

காடு என்றால் விஷயமே வேறு. சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் ஓடும் தண்ணீரில் தூண்டில் போடக் கூடாது. வனத்துறையிடம் கேட்காமல் காப்புக்காட்டில் டென்ட் அடிக்கவும் கூடாது. ஆறுகளைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

இரண்டாம் படி: ஊர்ப் பெயரை வைத்து வரைபடத்தில் தேடுதல்

இது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. கூகுள் மேப்பில் 'பெங்களூருக்கு அருகில் ஏரி' என்று தேடாதீர்கள். அதில் வருவதெல்லாம் ஏற்கெனவே ஊரே போகும் இடம். அதற்குப் பதில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஓசூர், மாலூர், கோலார், கனகபுரா, மாகடி, குணிகல் என்று ஒவ்வொரு திசையாக, நெடுஞ்சாலையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்களே வழி சொல்லும். கெரெ என்றால் ஏரி, கட்டெ என்றால் சின்ன அணைக்கட்டு, குண்டெ என்றால் நம் குட்டை. சாகர, சமுத்ர என்று முடிந்தால் பெரிய ஏரி. சிங்கசந்திரா, பொம்மசந்திரா என்று வரும் 'சந்திரா' கூட 'சமுத்திரம்' மருவியதுதான் என்பார்கள். அந்த ஊர்களில் இன்று அபார்ட்மென்ட்தான் நிற்கிறது, ஆனால் நகரத்தைத் தாண்டினால் பெயரும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும் ஊர்கள் ஏராளம்.

படத்தில் ஒரு நீலத் திட்டு கிடைத்ததா? கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. மார்ச், ஏப்ரல், மே மாதப் படங்களை மட்டும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் காய்ந்துவிடும் ஏரியில் பெரிய மீன் இருக்காது. கோடையிலும் நடுவில் ஒரு குளமாவது மிஞ்சுகிறது என்றால் அது மீன் தங்கும் ஏரி. தண்ணீர் முழுக்க ஒரே பச்சைப் பாயாகத் தெரிந்தால் ஆகாயத்தாமரை, அது சாக்கடை சேர்வதன் அடையாளம். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நுரை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து, போனில் கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே நம்பரைக் காட்டும். ஏரி நிலமா, காடா, தனியார் பட்டாவா என்று அங்கேயே ஓரளவுக்குத் தெரிந்துவிடும். டென்ட் அடிக்கும் இடத்துக்கு இது ரொம்ப உதவும்.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. பிடித்த மீனைச் சாப்பிடப் போகிறோம், அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவப் போகிறோம். தண்ணீரின் ஜாதகத்தைப் பார்க்காமல் இறங்கலாமா?

பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர். இங்கிருந்து தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து ஓடுகிறது, கூடவே சாக்கடையும் ஓடுகிறது. தெற்குப் பக்கம் விருஷபாவதி நகரத்தின் கழிவை அள்ளிக்கொண்டு பைரமங்கலா ஏரிக்குப் போய், அங்கிருந்து அர்க்காவதியில் சேர்ந்து, கடைசியில் சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்கே பெல்லந்தூர், வர்த்தூர் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. பெல்லந்தூர் ஏரி 2017-ல் தீப்பிடித்து எரிந்ததை ஊரே பார்த்தது. கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது ஆளுயரத்துக்கு நுரை பொங்குவதும் அதே தண்ணீர்தான். பைரமங்கலாவிலும் கெலவரப்பள்ளியிலும் மீன் இருக்கும், பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் சாப்பிட மாட்டேன், என் பிள்ளைகளுக்கும் கொடுக்க மாட்டேன்.

கோலார் பக்கம் ஒரு தனிக் கதை. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் 2018-லிருந்து பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியாக அந்த மாவட்டத்து ஏரிகளுக்கு விடுகிறார்கள். சிக்கபள்ளாபூருக்கு ஹெப்பாள்–நாகவாராவிலிருந்து இதே மாதிரித் திட்டம். நிலத்தடி நீர் ஊறட்டும் என்பதுதான் நோக்கம். பல வருடம் வறண்டு கிடந்த ஏரிகள் இப்போது மே மாதத்திலும் தளும்புகின்றன. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழையே இல்லாத வருடத்தில் ஓர் ஏரி நிறைந்திருந்தால், இது மழைத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் மீனைப் பிடித்துத் திரும்ப விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே கோலாரில் பாலாற்றுத் தண்ணீர் தேங்கும் பேத்தமங்கலா ஏரியும் இருக்கிறது. தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி. தங்கவயல் தமிழர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தேடல் பெரும்பாலும் மாகடி, குணிகல், கனகபுராவின் மேட்டுப் பக்கம்தான். நகரத்துச் சாக்கடை எட்டாத, தன் சொந்த ஓடையில் மழைநீர் வாங்கும் சின்னச் சின்ன ஏரிகள் அங்கே நிறைய. ராமநகரா–சென்னபட்டணா பக்கம் கண்வா அணையும் இதே வகை. அணைக்கட்டுக்குப் போய்க் கூட்டத்தோடு நிற்காமல், தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கத்துக் கிராமங்கள் வழியாகப் போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: கோடையில் ஒரு முறை, தூண்டில் இல்லாமல்

ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதல் வாரத்தில் வெறுங்கையோடு போய்விட்டு வாருங்கள். தண்ணீர் வற்றிய ஏரி தன் வயிற்றைத் திறந்து காட்டும். எங்கே பாறை, எங்கே பழைய ஓடையின் தடம், எங்கே கருவேல மரம் மூழ்கும் என்றெல்லாம் அப்போதுதான் தெரியும். மழைக்குப் பிறகு மீன் நிற்கப்போவதும் அந்த இடங்களில்தான்.

முக்கியமாக, மண் அள்ளிய குழிகளைப் பாருங்கள். ஜேசிபி வைத்து வண்டல் எடுத்த இடங்கள் செங்குத்தாக இருக்கும். நிறைந்த ஏரியில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் விழுவார். ஏரிகளில் நீச்சல் தெரிந்தவர்களும் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். நான் போகும் ஒவ்வோர் ஏரியிலும் கோடையில் எடுத்த பத்துப் பதினைந்து போட்டோ போனில் வைத்திருக்கிறேன். கரையில் நிற்கும் புளியமரம், மதகு, கோயில் என்று ஏதாவது ஓர் அடையாளத்தோடு சேர்த்து எடுத்தால், தண்ணீர் ஏறிய பிறகும் குழி எங்கே என்று கண்டுபிடிக்கலாம்.

ஏரியின் உறுப்புகளையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மதகை அங்கே தூபு என்பார்கள், மிஞ்சிய தண்ணீர் வழியும் நம் கலிங்கைக் கோடி என்பார்கள். 'கெரெ கோடி பித்து' என்றால் ஏரி நிறைந்து கலிங்கு பாய்கிறது என்று அர்த்தம். அந்தச் செய்தி வந்தால் நான் கலிங்குக்குக் கீழே இறங்கவே மாட்டேன், ஆனால் இரண்டு வாரம் கழித்து அந்த ஏரிக்குப் போகும் நாளைக் காலண்டரில் குறித்துவிடுவேன்.

ஐந்தாம் படி: பேச்சு

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் தூண்டிலை எடுக்காதீர்கள். முதலில் டீக்கடை. ஆனேக்கல், மாலூர், பங்காருபேட்டைப் பக்கம் பல ஊர்களில் தமிழ், தெலுங்கு இரண்டும் ஓடும். மாகடி, குணிகல் போனால் கன்னடம்தான். இந்த ஐந்து வாக்கியம் போதும், நான் இதை வைத்தே காலம் தள்ளியிருக்கிறேன்:

"அண்ணா, ஈ கெரெ மீனு டெண்டர் யாரு தகொண்டிதாரெ?" – இந்த ஏரி மீன் டெண்டர் யார் எடுத்திருக்கிறார்கள்?
"காள ஹாக்கி மீனு ஹிடீபஹுதா?" – தூண்டில் போட்டுப் பிடிக்கலாமா?
"ஆள எல்லி ஜாஸ்தி?" – ஆழம் எங்கே அதிகம்?
"பேசிகெலி நீரு ஒணகுத்தா?" – கோடையில் தண்ணீர் வற்றுமா?
"ராத்ரி ஆனெ பருத்தா?" – ராத்திரி யானை வருமா?

டெண்டர் எடுத்தவரிடம் வலை கொண்டுவர மாட்டோம், இரண்டே தூண்டில், இரண்டே பேர், பெரிய மீனைத் திரும்ப விட்டுவிடுவோம் அல்லது எடைக்குக் காசு கொடுப்போம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கேட்பார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். 'முடியாது' என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஏரிக்குப் போங்கள். பேரம் பேசி வாங்கிய அனுமதி அடுத்த முறைக்கு நிற்காது. குடித்துவிட்டு வருபவர்கள்தான் அவர்களுடைய பெரிய தலைவலி. "நாங்க குடிக்கிறதில்லைங்க" என்று சொன்னபோது ஒருவர் தன் தென்னந்தோப்பிலேயே டென்ட் போட இடம் கொடுத்தார்.

ஆறுகள்

ஆறு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது காவிரி. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சங்கமம், முத்தத்தி, பீமேஸ்வரி, காளிபோரே எல்லாம் பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கும் இடங்கள். பீமேஸ்வரியும் காளிபோரேயும் ஒரு காலத்தில் உலகமெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் வந்து தங்கிய முகாம்கள். காவிரியின் திமில் மகசீர் ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும் மீன். 1946-ல் கபினியில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 120 பவுண்டு மீனைப் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. ராகி மாவைப் பிசைந்து, வேகவைத்து, மறுபடி பிசைந்து ரப்பர் பதத்தில் உருட்டிய உருண்டைதான் அங்கே இரை. களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பதம் உடனே பிடிபடும்.

ஆனால் இந்தக் கரை 1987-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயம். பிடித்துத் திரும்ப விடும் தூண்டில்கூட அங்கே நிறுத்தப்பட்டுப் பல வருடம் ஆகிறது. அந்தத் திமில் மகசீர் 2018-ல் சர்வதேசச் செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. பீமேஸ்வரியில் அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாமில் காசு கட்டித் தங்கலாம், ஆற்றைப் பார்க்கலாம், காலையில் நீர்நாய் விளையாடுவதைப் பார்க்கலாம். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டுக் கரையிலும் 2014-லிருந்து காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, அக்கரைக்குப் போனால் சட்டம் மாறும் என்று நினைக்க வேண்டாம்.

மகசீர் தூண்டில் சட்டப்படி வேண்டும் என்றால் குடகு போக வேண்டும். அங்கே வால்நூர் பக்கத்துக் காவிரியில் கூர்க் வைல்ட்லைஃப் சொசைட்டி அனுமதிச் சீட்டு கொடுத்து, பிடித்து விடும் முறையில் நடத்தி வந்திருக்கிறது. போவதற்கு முன்பு அவர்களிடம் அந்தப் பருவத்தின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரிலேயே 1972-லிருந்து இயங்கும் வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா அமைப்பிலும் பழைய தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் தனியாகத் தேடிக் கற்பதை அவர்களோடு ஒரு காலைப் பொழுதில் கற்கலாம்.

ஆற்றில் தண்ணீர் ஏறுவது சத்தம் போட்டுக்கொண்டு வராது. மேலே கிருஷ்ணராஜ சாகரில் திறந்த தண்ணீர் இங்கே வெயில் அடிக்கும் நாளில் வந்து சேரும். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மழைக்காலத்தில் தமிழ்ச் செய்தியில் தினமும் 'ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி' என்று சொல்வார்கள் அல்லவா, மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளப்பது அது. அந்த எண் ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் காவிரிக் கரைக்கே போகாதீர்கள். கர்நாடகத்து அணை நீர்மட்டங்களை மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தினமும் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

குணிகல் பக்கம் ஷிம்ஷா ஆற்றின் மேல் மார்கோனஹள்ளி அணை இருக்கிறது, மைசூர் மன்னராட்சிக் காலத்துக் கட்டுமானம். அதில் தானியங்கி சைஃபன்கள். நீர்மட்டம் ஓர் அளவைத் தொட்டதும் யாரும் மதகைத் திறக்காமலே தண்ணீர் தானாகக் கொட்டத் தொடங்கும். மழைக்காலத்தில் அணைக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மஞ்சனபெலேவும் ஆபத்தான இடம்தான். நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் மலை சூழ்ந்த அழகான அணை, ஆனால் தண்ணீரில் இறங்கத் தடை இருக்கிறது. தடையை மீறி இறங்கிப் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை இரண்டும் மீன் வறுவல் சாப்பிட அருமை. அமைதிக்கு அங்கே போகாதீர்கள்.

எப்போது போவது

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி டென்ட்டுக்கு நல்ல மாதங்கள். ராத்திரி குளிரும், ஒரு நல்ல போர்வை போதும். மீன் அந்தக் குளிரில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல்தான் இரை எடுக்கும். மீனுக்கு நல்ல காலம் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை. தண்ணீர் சுருங்கி மீன் ஓரிடத்தில் சேரும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து இருட்டும் வரை.

ஏப்ரல், மே சாயங்கால இடிமழையில் மட்டும் கவனம். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். தூரத்தில் இடி கேட்டதுமே ராடைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீரையும் ஒற்றை மரத்தையும் விட்டு விலகிக் காருக்குள் போய் உட்காருங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கெண்டை இனங்கள் முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் நான் தூண்டிலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவேன்.

தூண்டில், இரை, மீன்

தொடக்கத்துக்கு ஏழடி ராடு, நடுத்தர ரீல், பத்துப் பன்னிரண்டு பவுண்டு தாங்கும் தங்கூஸ் (நைலான் நரம்பு), நாலைந்து அளவில் முள், ஈயக்குண்டு, தக்கை. இரண்டாயிரம் மூன்றாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்ததை இரண்டு வருடம் கழித்து வாங்கலாம்.

ரோகு, கட்லா, மிர்காலுக்கு என் இரை இது: கடலைப் புண்ணாக்கைப் பொடித்து, தவிட்டோடு வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஒரு கைப்பிடி மைதாவும் சோம்புப் பொடியும் சேர்த்துப் பிசைய வேண்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் சேர்க்க வேண்டும், சப்பாத்தி மாவை விடக் கெட்டியாக. தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் மெல்லக் கரையத் தொடங்கணும். உடனே கரைந்தால் மைதா போதவில்லை, அரைமணி நேரம் அப்படியே இருந்தால் மைதா அதிகம். ஜிலேபிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு போதும்.

விரால் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். கரையோரத்து ஆம்பல் இலைகளுக்கு நடுவே, உலை கொதிக்கிற மாதிரி தண்ணீர் மேல் சின்னச் சின்னக் கொப்புளம் எழுந்தால் அசையாமல் நின்று பாருங்கள். செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்ட மாதிரி நூற்றுக்கணக்கான சிவப்புக் குஞ்சுகள் மூச்சு வாங்க ஒன்றாக மேலே வரும், ஒன்றாகக் கீழே போகும். ஓரடி கீழே இருட்டில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தவளை பொம்மையை மேலே இழுத்தால் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும், குஞ்சைக் காப்பாற்றத்தான் கடிக்கும். அப்படிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் போனால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் அரைநாளில் தின்றுவிடும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

திரும்ப விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். மணலில் புரள விடாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்திருந்து, அது தானாகத் துள்ளும்போது விடுங்கள். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்தால் திரும்ப விடாதீர்கள், இரண்டும் வெளியிலிருந்து வந்து நாட்டு மீனைக் காலி செய்பவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு இந்தியாவில் 2000-லிருந்தே தடை. இவற்றைப் பிடித்துக் கொடுத்தால் டெண்டர் எடுத்தவரும் சந்தோஷப்படுவார்.

டென்ட் எங்கே, எப்படி

தனியார் நிலம்தான் முதல் தேர்வு, சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு. ஏரிக்கரை மேட்டின் மேல் அடிக்காதீர்கள். ஆடு மாடு போகும் வழி அது, கரைப் புல்லிலும் கறையான் புற்றிலும் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். ஆற்றோரத்தில் என்றால், போன வெள்ளம் செடிகளில் மாட்டிவிட்டுப் போன குப்பைக் கோட்டைத் தேடுங்கள். அதற்கு மேலே இன்னும் நல்ல உயரத்தில்தான் டென்ட். காவிரிக் கரை என்றால் முதலையையும் நினைவில் வையுங்கள், பாத்திரம் கழுவக்கூட இருட்டில் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம்.

யானை. பன்னேர்கட்டா, ஆனேக்கல், தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, கனகபுரா எல்லாமே யானை நடக்கும் நாடு. அக்டோபரிலிருந்து ராகி விளையும் வரை கூட்டம் கூட்டமாக வரும். சிறு ஏரிகள்தான் அவற்றின் தண்ணீர்த் தொட்டி. கரையில் லத்தியோ பெரிய கால்தடமோ கண்டால், எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும், பகலோடு மீன்பிடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். பலாப்பழம், வாழைத்தார், கரும்பு எதுவும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை நடக்க விடாமல் நேராகத் தாலுகா ஆஸ்பத்திரி. அது எங்கே, எத்தனை நிமிடம் என்று போகும்போதே பார்த்து வைத்துவிடுங்கள். 108-ஐக் கூப்பிட சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது என்பதையும்தான்.

அடுப்புக்குச் சின்ன கேஸ் ஸ்டவ் போதும். பிப்ரவரிக்கு மேல் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே பற்றும். வீட்டிலிருந்து மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசிமாவு கலந்து ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள், எலுமிச்சம்பழம் தனியாக. விரால் என்றால் கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் வழுவழுப்பு போகும். ஜிலேபியைச் செதில் சீவி, இரண்டு பக்கமும் கீறி, மசாலா தடவி அரைமணி நேரம் வைத்து தோசைக்கல்லில் போட்டால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டாம்.

கிளம்பும்போது

குப்பையை எடுத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூண்டில்காரர்களுக்குத் தனியாக ஒன்று: அறுந்த தங்கூஸ். அது மக்காது. நாரையின் காலில் சுற்றிக்கொண்டால் அந்தப் பறவை பட்டினி கிடந்து சாகும். நான் ஒரு பழைய போர்ன்விட்டா டப்பாவை மூடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். என்னுடையது, மற்றவர் விட்டுப்போனது, கண்ணில் பட்ட எல்லாத் துண்டும் அதற்குள் போகும். வீட்டுக்கு வந்து சின்னச் சின்னதாக வெட்டிக் குப்பையில் போடுவேன்.

போட்டோ போடுங்கள், இடத்தின் பெயர் போடாதீர்கள். பின்னால் கோயில் கோபுரமோ ஊர்ப் பலகையோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

பிடித்ததில் ஒரு மீனைக் காவல்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் மாலூர்ப் பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, அவர் பேரன்தான் கரையில் இருக்கிறான். போன மாதம் அவனே போன் செய்தான். "அண்ணா, மதகுப் பக்கம் விரால் குஞ்சு போட்டிருக்கு. நீங்க ஒரு மாசம் கழிச்சு வாங்க." அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை போகிறோம்.